கோல் காப்பாளர் டுக்கடாம்: ஆற்றலும் ஊழும்

மதிலை வளைத்துக் கொள்ளுதலும் வளைக்கப்பட்ட மதிலைக் காத்தலும் ஆகிய இரண்டனையும் தொல்காப்பியர் உழிஞை என்னும் ஒரு திணையுள் அடக்கினார். பிற்காலத்தவரான ஐயனாரிதனார், தமது புறப்பொருள் வெண்பாமாலையில், காப்போனுக்கென நொச்சி என்னும் தனித்திணை வகுத்தார். தாக்குவோனுடைய வீரமும் காப்போனுடைய வீரமும் ஒரு தன்மையன அல்ல என்பது அவர் கருத்தாதல் வேண்டும். தாக்குவோன் தான் விரும்பும் பொழுதைத் தேர்ந்துகொள்வான்; காப்போனுக்கு அவ்வுரிமை இல்லை. தாக்குவோன் பலமுறை தோற்று ஒருமுறை வென்றாலும் புகழ் பெறுவான். காப்போன் பலமுறை வென்று ஒருமுறை தவறினாலும் பழி சுமப்பான்.

உதைபந்தாட்டத்தில் இந்நொச்சி வீரனுடைய நிலையில் நிற்பவர் கோல் காப்பாளர். பதினொருவருள் பதின்மர் காலாற் பந்தை ஆள, இவரொருவரே கையாலும் ஆளும் உரிமை பெற்றவர். அவ்வுரிமையும் 1912 ஆம் ஆண்டு முதல் தண்டப் பரப்பினுள்ளே மட்டும் செல்லும் என வரையறுக்கப்பட்டது. ஆட்டத்தின் பெரும்பகுதியில் இவர் தனியே நிற்பவர். ஆட்டத்தின் முடிவு தம்மேல் வந்து விழும் கணத்திலும் தனியே நிற்பவர். இத்தகைய ஒருவருடைய வாழ்வில் ஆற்றலுக்கு எவ்வளவு பங்குண்டு, ஊழுக்கு எவ்வளவு பங்குண்டு என்னும் வினாவுக்கு, உருமேனிய நாட்டவரான ஹெல்முத் டுக்கடாமின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். ஓரிரவில் ஐரோப்பா முழுவதும் அறிந்த பெயரைப் பெற்று, சில கிழமைகளுள் அப்பெயருக்குக் காரணமான கையையே இழந்துவிடும் நிலைக்கு வந்தவர் அவர்.

பிறப்பும் இளமையும்

டுக்கடாம் 1959 ஆம் ஆண்டு ஏப்பிரல் 1 ஆந் திகதி, உருமேனியாவின் மேற்கெல்லையை அடுத்த அராத் மாவட்டத்திலுள்ள செம்லாக் என்னுங் கிராமத்திற் பிறந்தார். அவர் குடும்பம் ஜேர்மன் மொழி பேசும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பேர்க் பேரரசு அப்பகுதியைத் தன் ஆட்சிக்குட் கொண்டுவந்தபோது குடியேற்றப்பட்ட உழவர்களின் வழிவந்தோர் அவ்வினத்தவர். உருமேனியரும், மகியாரும், சேர்பியரும், ஜேர்மனியரும் அடுத்தடுத்து வாழும் அந்நிலப்பரப்பிற் பல மொழிகள் ஒரு சந்தையில் ஒலிப்பது இயல்பு. பின்னாளில் டுக்கடாமுடன் ஓரணியில் ஆடியவர்களுள்ளும், அவரைப் பயிற்றியவர்களுள்ளும் மகியார் இனத்தவர் இருந்தனர் என்பது இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

அராத் நகரின் பெயர் பெற்ற கழகம் யூ. ரீ. ஏ. எனப்படுவது. 1945 ஆம் ஆண்டில் அந்நகரின் நெசவாலையைச் சார்ந்து தோன்றிய அக்கழகம், தலைநகரின் பெருங்கழகங்களை எதிர்த்து ஆறுமுறை நாட்டின் சம்பியன் பட்டத்தை வென்றது. 1970 இல், அப்பொழுது ஐரோப்பியக் கிண்ணத்தை வைத்திருந்த ஒல்லாந்து நாட்டின் பெயனூர்ட் கழகத்தை முதற் சுற்றிலேயே வெளியேற்றியதும் அக்கழகமே. அவ்வெற்றி நிகழ்ந்தபோது டுக்கடாம் பதினொரு வயதுச் சிறுவர். எட்டாண்டுகளின் பின்னர், 1978 இல், அதே கழகத்தின் காப்பாளராக அவர் களம் புகுந்தார்.

நெடிய உடலும், நீண்ட கைகளும், தடித்த மீசையும் கொண்ட அவ்விளைஞர் 1982 இல் உருமேனிய தேசிய அணிக்காக இரண்டு ஆட்டங்களில் ஆடினார். அவ்விரண்டின் மேல் ஒன்றும் அவருக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டிலேயே தலைநகர் புக்காரெஸ்டின் ஸ்டெயவா கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஸ்டெயவா என்பது உருமேனிய மொழியில் விண்மீன் எனப் பொருள்படும். 1947 இல் நிறுவப்பட்ட அக்கழகம் நாட்டின் படைத்துறைக்குரியது. அதன் ஆட்டக்காரர் படைத்துறைப் பதவிப் பெயர்களையும் தாங்கினர்.

நாட்டின் நிலை

டுக்கடாமின் புகழையும், அதன்பின் எழுந்த வதந்தியையும் விளங்கிக்கொள்வதற்கு, அக்கால உருமேனியாவின் நிலையைச் சிறிது அறிதல் இன்றியமையாதது. 1965 முதல் நாட்டை ஆண்ட நிக்கொலாய் சௌசெஸ்கு, 1980 களின் தொடக்கத்தில், வெளிநாட்டுக் கடன் முழுவதையும் விரைந்து தீர்ப்பதெனத் துணிந்தார். அதன்பொருட்டு நாட்டின் விளைபொருள்கள் பெருமளவில் ஏற்றுமதியாயின. உள்நாட்டில் பாணும், இறைச்சியும், எண்ணெயும் பங்கீட்டு முறைக்கு உட்பட்டன. மாரிக்காலத்திலும் வீடுகளை வெப்பமாக்கும் வசதி குறைக்கப்பட்டது. மின்சாரம் அடிக்கடி நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சி வேலைநாள்களில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்கப்பட்டது. அதனுள்ளும் பெரும்பகுதி அதிபரின் புகழ்பாடுதலுக்கே செலவாயிற்று. செய்தித்தாள்களோ அரசாங்கம் விரும்பியதன்றி வேறொன்றையும் அச்சிடமாட்டா. மக்கள் மெய்ச்செய்தியை வெளிநாட்டு வானொலியிலும் அயலாரின் தாழ்ந்த குரலிலுமே தேடினர்.

இத்தகைய சூழலில் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்காக நிற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்திற்கூடி உரக்கக் குரலெழுப்புதற்கு அனுமதி பெற்ற இடங்கள் அந்நாட்டில் மிகச் சில. அவற்றுள் விளையாட்டரங்கு ஒன்று.

கிண்ணத்தை நோக்கி

ஸ்டெயவா கழகம் 1985 இல் நாட்டின் சம்பியன் பட்டத்தை வென்று, ஐரோப்பியச் சம்பியன் கழகங்களுக்கான கிண்ணப் போட்டியில் ஆடுந் தகுதியைப் பெற்றது. அதன் பயிற்றுநர் எமெரிக் யெனெய். துணைப் பயிற்றுநராயிருந்தவர் ஆங்கெல் யொர்தனெஸ்கு. அவர் அக்கழகத்தின் முன்னணி ஆட்டக்காரராக நெடுங்காலம் விளங்கியவர்.

ஐரோப்பியக் கிண்ணம் 1955 ஆம் ஆண்டில் தொடங்கியது. 1985 வரை நிகழ்ந்த 30 போட்டிகளுள் ஒன்றிலேனும் கிழக்கு ஐரோப்பியக் கழகமொன்று வென்றதில்லை. இறுதியாட்டம் வரை சென்றதும் 1966 இல் யூகோசிலாவியாவின் பார்ட்டிசான் கழகம் ஒன்றே; அதுவும் றியல் மட்ரிட்டிடம் தோற்றது. ஆகவே 1985 இன் இலையுதிர் காலத்தில் ஸ்டெயவா களம் புகுந்தபோது அதனைப் பொருட்படுத்தியோர் அதிகமில்லை.

முதற் சுற்றில் டென்மார்க்கின் வெய்ல கழகத்துடன் 1–1 எனச் சமநிலை கண்டு, தன் மண்ணில் 4–1 என வென்றது. அடுத்து ஹங்கேரியின் ஹொன்வேத் கழகத்திடம் 0–1 எனத் தோற்று, மறு ஆட்டத்தில் 4–1 என வென்றது. காலிறுதியிற் பின்லாந்தின் கூசிசி கழகத்தை 0–0, 1–0 என்னும் நூலிழை வேறுபாட்டாற் கடந்தது. அரையிறுதியிற் பெல்ஜியத்தின் அண்டர்லெக்ட் கழகத்திடம் அந்நாட்டில் 0–1 எனத் தோற்ற பின்னர், புக்காரெஸ்டில் 3–0 என வென்று இறுதியாட்டத்துக்குச் சென்றது. அவ்வெட்டு ஆட்டங்களில் எதிரணியினர் பெற்ற கோல்கள் ஐந்தே. முன்னணியினரின் புகழுக்கு நடுவே காப்பாளரின் பணி எத்தகையது என்பதை இக்கணக்கே புலப்படுத்தும்.

எதிரே நின்றது பார்சிலோனா. ஆங்கிலேயரான ரெறி வெனபிள்ஸின் பயிற்சியில் 1985 இல் ஸ்பானியச் சம்பியனான கழகம் அது. 1961 இல் இறுதியாட்டத்திற் போர்த்துக்கலின் பென்பிக்காவிடம் தோற்ற நாள் முதல் அக்கிண்ணத்துக்காக அது ஏங்கி நின்றது. பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் 1985 இல் நேர்ந்த பேரிழப்பின் காரணமாக ஆங்கிலக் கழகங்கள் விலக்கப்பட்டிருந்தன. நடப்புச் சம்பியனான யுவன்றஸ் கழகத்தைப் பார்சிலோனாவே காலிறுதியில் வெளியேற்றியிருந்தது. அரையிறுதியிற் சுவீடனின் கொதன்பேர்க் கழகத்திடம் 0–3 எனத் தோற்றுப் பின் 3–0 என வென்று, தண்ட உதைகளால் முன்னேறியிருந்தது. இறுதியாட்டம் நிகழவிருந்த இடமோ ஸ்பானியாவின் செவியா நகரம். கிண்ணம் பார்சிலோனாவுக்கே என உலகம் முடிவுசெய்திருந்ததில் வியப்பில்லை.

செவியாவில்

1986 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆந் திகதி புதன்கிழமை இரவு, ஏறத்தாழ 70,000 பேர் அரங்கை நிறைத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பார்சிலோனாவின் இரசிகர்; உருமேனியர் மிகச் சிலரே. தங்கள் அணித்தலைவரான துடோரெல் ஸ்டொய்க்கா தடைக்குட்பட்டு ஆட இயலாதிருந்தமையால், ஸ்தெபான் யொவான் தலைமையில் ஸ்டெயவா அணி இறங்கியது. பிரான்சிய மத்தியஸ்தர் மிசேல் வொற்றோ ஆட்டத்தை நடத்தினார்.

அவ்வாட்டம் கண்ணுக்கு விருந்தாய் அமைந்ததெனக் கூறுதல் பொருந்தாது. ஸ்டெயவா பந்தைத் தன்வசம் வைத்துப் பொறுமையாகச் சுற்றியது. பார்சிலோனா வழி காணாது தடுமாறியது. இரண்டாம் பாதியில் யெனெய் ஒரு துணிவான செயல் செய்தார். ஆட்டத்திலிருந்து ஏறக்குறைய ஓய்வுபெற்றவரும், மூன்று நாள்களின் முன்னரே 36 வயதை எய்தியவருமான தம் துணைப் பயிற்றுநர் யொர்தனெஸ்குவைக் களத்தில் இறக்கினார்; நடுக்களத்தில் ஆட்டத்தின் வேகத்தைத் தணித்தல் அவர் பணி. மறுபுறம் வெனபிள்ஸ், தம் அணியின் சிறந்த நடுக்கள வீரரான பேர்ண்ட் சூஸ்டரை 85 ஆம் நிமிடத்தில் வெளியே அழைத்தார். சினங்கொண்ட சூஸ்டர் ஆட்டம் முடியுமுன்னரே அரங்கை விட்டு நீங்கினார். மேலதிக நேரத்தில் முன்னணி வீரர் ஸ்ரீவ் ஆர்ச்சிபால்டும் வெளியேற, தண்ட உதைகளுக்குரிய வேளை வந்தபோது பார்சிலோனாவின் தேர்ந்த கால்கள் இரண்டு களத்தில் இல்லை. 120 நிமிடம் ஆடியும் ஒரு கோலுமின்றி ஆட்டம் நின்றது. அக்கிண்ணத்தின் இறுதியாட்டமொன்று கோலின்றி முடிந்தது அதுவே முதன்முறை.

தண்ட உதையின் இயல்பு

இவ்விடத்திலே தண்ட உதையின் இயல்பை விளக்குதல் பயனுடைத்து. இவ்விதியை முதலில் முன்மொழிந்தவரே ஒரு கோல் காப்பாளர் என்பது பலர் அறியாத செய்தி. அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்து மில்போர்ட் கழகத்தின் காப்பாளரான வில்லியம் மக்கிறம் என்பார் 1890 இல் அதனைப் பரிந்துரைத்தார். 1891 இல் அது சட்டமாயிற்று. சமநிலையில் நின்ற ஆட்டங்களைத் தண்ட உதைகளால் தீர்க்கும் முறையோ 1970 இலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கு முன் நாணயம் சுண்டியும் முடிவு காணப்பட்டதுண்டு. 1968 இல் ஐரோப்பிய நாடுகளின் அரையிறுதியில் இத்தாலி சோவியத் ஒன்றியத்தை வென்றது அவ்வகையாலேயே.

பந்து வைக்கப்படும் புள்ளியிலிருந்து கோல் கோட்டுக்கு 11 மீற்றர் தூரம். கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து வினாடிக்கு 25 மீற்றர் செல்லும். ஆதலின் அது கோட்டை அடைய எடுக்கும் நேரம் 0.44 வினாடி. கண்ணாற் கண்டு, மனத்தால் தெளிந்து, உடலை ஒரு கம்பத்தை நோக்கி எறிவதற்கு இவ்வளவு நேரம் போதாது. அக்காலத்து விதியோ இன்னுங் கடியது: பந்து உதைக்கப்படும்வரை காப்பாளர் கோட்டின்மேற் காலை அசைத்தலும் கூடாது. கோட்டின் வழியே இருபுறமும் நகரும் உரிமை 1997 இலேயே வழங்கப்பட்டது. எனவே பந்தைக் கண்டபின் பாய்வோர் பெரும்பாலும் பிந்துவர். காணுமுன்னரே பக்கத்தைத் துணிதல் வேண்டும். உதைப்போன் மனத்தைப் படித்தலே காப்பாளரின் கலையாகின்றது.

அனுபவத்தில், தண்ட உதைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று கோலாகின்றன. அக்கணக்கின்படி, ஒன்றோடொன்று தொடர்பற்றவையெனக் கொள்ளின், அடுத்தடுத்து நான்கு உதைகள் கோலாகாது போகும் வாய்ப்பு 256 இல் ஒன்று மட்டுமே. நான்கினையும் காப்பாளரே தடுத்தல் அதனினும் அரிது.

நான்கு உதைகள்

முதலில் உதைத்தவர் ஸ்டெயவாவின் மிஹாயில் மஜாரு. பார்சிலோனாவின் காப்பாளர் உருத்தி அதனைத் தடுத்துவிட்டார். அரங்கு ஆர்ப்பரித்தது. அடுத்துப் பார்சிலோனாவின் தலைவர் அலெக்சாங்கோ வந்தார். டுக்கடாம் தம் வலப்புறம் பாய்ந்து தடுத்தார். பின்னர் ஸ்டெயவாவின் லாஸ்லோ பொலொனி உதைத்தார். உருத்தி அதனையுந் தடுத்தார். பார்சிலோனாவின் பெத்ராசா உதைத்தபோது டுக்கடாம் மீண்டும் வலப்புறமே பாய்ந்தார். பந்து அங்கேயே வந்தது. நான்கு உதைகள் கழிந்தும் ஒரு கோலில்லை.

மூன்றாம் முறை ஸ்டெயவாவின் மரியுஸ் லக்கத்தூஷ் வன்மையாக உதைத்துக் கோலாக்கினார். அவ்விரவின் முதற்கோல் அதுவே. கொதன்பேர்க் கழகத்துக்கு எதிரே அரையிறுதியில் மூன்று கோல்களும் அடித்த பிச்சி அலொன்சோ மறுமொழி கூற வந்தார். டுக்கடாம் மூன்றாம் முறையும் வலப்புறம் பாய்ந்தார்; மூன்றாம் முறையும் தடுத்தார். கவ்ரில் பலிந்த் நான்காவதைக் கோலாக்க, 2–0 என்றாயிற்று. மார்க்கொஸ் அலொன்சோ தவறின் எல்லாம் முடியும் நிலை. அவர் உதைத்தார்; டுக்கடாம் இம்முறை இடப்புறம் பாய்ந்தார். பந்து அவர் கையில் தடைப்பட்டது. ஐரோப்பியக் கிண்ணம் முதன்முறையாகக் கிழக்கு ஐரோப்பாவுக்குச் சென்றது.

இதனை வெறும் வாய்ப்பென்று கூறுவோர் உளர். பார்சிலோனா வீரர் கம்பத்தை ஒட்டி உதைக்கவில்லை என்றும், உருத்தியும் இரண்டைத் தடுத்தாரன்றோ என்றும் அவர் வினவுவர். இவ்வாதத்தில் உண்மையில்லாமலில்லை. ஆயினும் டுக்கடாம் பின்னாளில் எடுத்துரைத்த விளக்கம் கருதற்பாலது. முதலுதையைத் தடுத்தபின், அடுத்து வருபவனுடைய இடத்தில் அவர் தம்மை நிறுத்திப் பார்த்தார். ஒருபுறம் பாய்ந்து வென்ற காப்பாளன் அடுத்தமுறை மறுபுறம் பாய்வான் என்றே உதைப்போன் எண்ணுவான். ஆதலின் முன்னைய இடத்துக்கே உதைப்பான். ஆகவே தாம் இடம் மாறாதிருத்தல் வேண்டும் என்பது அவர் கணிப்பு. ஒரே பக்கத்தில் மூன்றினைத் தடுத்த பின்னர், நான்காமவன் அப்பக்கத்தை அஞ்சுவான் என்பது அடுத்த படி. எதிரியின் சிந்தனையை அவனுக்கு முன்னரே சிந்தித்தல் என்பது இதுவே.

இன்னுமொன்று. உதைப்போர் மேல் அரங்கு முழுவதின் எதிர்பார்ப்பும் பாரமாய் அமர்ந்திருந்தது. ஒவ்வொரு தோல்வியும் அடுத்தவனுடைய காலைத் தளரச் செய்தது. காப்பாளருக்கோ அவ்விடத்தில் இழப்பதற்கு யாதுமில்லை. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த முறையை இந்நிகழ்ச்சியோடு பொருத்திப் பார்ப்போர், தற்செயல் என்னும் ஒரு சொல்லால் இதனைத் தள்ளிவிடார். வாய்ப்பு வாயிலைத் திறந்தது. உள்ளே சென்றது அறிவு.

கையும் வதந்தியும்

அணி தாயகம் திரும்பியபோது புக்காரெஸ்ட் விமான நிலையத்திலே பெருந்திரள் கூடியது. அரசாங்கத்தின் ஆணையின்றித் தம் விருப்பால் மக்கள் அவ்வாறு திரண்ட நாள்கள் அக்காலத்திற் சிலவே. ஆனால் சில கிழமைகளுள், அவ்வாண்டுக் கோடைக்காலத்திலே, டுக்கடாமின் வலக்கை கடுநோய்க்கு ஆளாயிற்று. நாடிக்குழாய் வீங்கி, அதனால் குருதி உறைந்து ஓட்டந் தடைப்பட்டதே நோய். சத்திரசிகிச்சை நிகழ்ந்தது, கையையே துண்டிக்க நேருமோ என்னும் அச்சமும் இருந்தது. கை தப்பியது, ஆனால் உயர்தர ஆட்டத்துக்கு அக்கை மீளவில்லை. அப்பொழுது அவருக்கு வயது 27. கோல் காப்பாளருக்கு அது இளம் பருவம். முப்பது வயதைக் கடந்த பின்னரே பலர் அப்பணியில் முதிர்ச்சி எய்துவர்.

அவரின்றியே ஸ்டெயவா அவ்வாண்டு டிசம்பரில் தோக்கியோ நகரில் ஆர்ஜென்ரீனாவின் றிவர் பிளேற் கழகத்திடம் 0–1 எனத் தோற்றது. 1987 பெப்ரவரியில் மொனாக்கோவில் டைனமோ கியவ் கழகத்தை 1–0 என வென்றது. 1989 இல் மீண்டும் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் சென்று மிலான் கழகத்திடம் 0–4 எனத் தோற்றது. செவியாவின் நாயகர் இவற்றுள் ஒன்றிலும் கோலில் நிற்கவில்லை.

திடீரென மறைந்த வீரரைப்பற்றி நாட்டில் ஒரு கதை எழுந்தது. பார்சிலோனாவைத் தோற்கடித்தமைக்காக மட்ரிட்டிலிருந்து அவருக்கு உயர்ந்த மோட்டார் வண்டியொன்று பரிசாக வந்ததென்றும், அதனை அதிபரின் மகனொருவர் விரும்பினாரென்றும், கொடுக்க மறுத்தமையால் காவலர் அவர் கையை முறித்தனரென்றும் அக்கதை கூறியது. வாய்க்கு வாய் அது வளர்ந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் அதனைப் பெயர்த்தெழுதின. டுக்கடாமோ இதனைப் பலமுறை மறுத்தார். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்து, அதிபர் கொல்லப்பட்டு, உண்மையை உரைப்பதற்கு எத்தடையும் இல்லாதொழிந்த பின்னரும் அவர் கூற்று மாறவில்லை: தம்மை எவருந் தாக்கவில்லை, நேர்ந்தது நோயே என்றார்.

இங்கே ஆராயவேண்டியது, பொய்க்கதை எவ்வாறு மெய்போல் நிலைத்தது என்பதே. செய்தித்தாள் மெய் கூறுமெனின் மக்கள் வதந்தியை நாடார். ஒரு பிரசித்தி பெற்ற வீரர் ஏன் ஆடவில்லை என்பதைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஏடு அந்நாட்டில் இருக்கவில்லை. உரைத்திருப்பினும் அதனை நம்புவோர் இலர். நாள்தோறும் பொய் கூறும் வாய் ஒருநாள் மெய் கூறினும் அதுவும் பொய்யாகவே எண்ணப்படும். ஆட்சியாளர் இத்தகைய கொடுமையும் செய்யவல்லர் என்னும் மக்களின் அனுபவமே அக்கதைக்கு உயிர் கொடுத்தது. ஆகவே அவ்வதந்தி டுக்கடாமின் கையைப்பற்றிப் பொய் கூறியது. நாட்டின் நிலையைப்பற்றி மெய் கூறியது. வரலாறு கற்கும் மாணவர் இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் வேண்டும். கொடுங்கோலன் செய்த தீமைகள் பலவாதலின், செய்யாத ஒன்றையும் அவன்மேற் சுமத்துதல் தீதன்று என எண்ணுதல் கூடாது. தம்மைத் தியாகியாக்கும் கதையைத் தாமே மறுத்த டுக்கடாமின் நேர்மை, அவர் தடுத்த நான்கு பந்துகளினும் குறைந்ததன்று.

பிற்கால வாழ்வு

மூன்றாண்டு கழித்து, 1989 இல், அவர் மீண்டும் கையுறை அணிந்தார். அராத் நகரின் புகையிரதப் பெட்டித் தொழிற்சாலையைச் சார்ந்த வகோனுல் என்னும் சிறு கழகத்துக்காக, இரண்டாம் பிரிவில் 1991 வரை ஆடினார். எழுபதினாயிரம் பேர் நடுவே நின்றவர், அந்நகரின் சிறிய களத்தில் சில நூற்றுவர் பார்த்திருக்க ஆடுதலை இழிவாகக் கருதவில்லை. பின்னர்த் தம் பிறந்த ஊரிலே எல்லைக் காவற் படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். கோலின் எல்லையைக் காத்தவர் நாட்டின் எல்லையைக் காக்கலானார். 2003 இல் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்; அங்கு நிலைபெறாது தாயகம் மீண்டார்.

2008 இல் குடியரசுத் தலைவர் விளையாட்டுத் துறைக்குரிய அரச விருதை அவருக்கு வழங்கினார். 2010 இல் பழைய கழகத்தின் தலைவர் பதவி அவருக்குக் கிடைத்தது. அது அதிகாரத்தினும் மதிப்பு மிகுந்த பதவி. அக்கழகத்தின் பெயரும் சின்னமும் எவருக்குரியன என்று தனியாருக்கும் படைத்துறைக்குமிடையே நீண்ட வழக்கு மூண்டபோது, செவியாவின் வெற்றியை இரு திறத்தாரும் தமதென்றே உரிமை கொண்டாடினர். 2024 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆந் திகதி, இதய நோயால் வருந்தியிருந்த டுக்கடாம் தமது 65 ஆவது வயதிற் காலமானார்.

முடிவுரை

ஆட்டக்காரரின் பெருமையை ஆட்டங்களின் எண்ணிக்கையால் அளப்போர் டுக்கடாமை உயர்வாக மதியார். தேசிய அணிக்கு இரண்டு ஆட்டம், பெருங்கழகத்தில் நான்காண்டு, ஒரு கிண்ணம். ஆனால் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டமொன்றில் நான்கு தண்ட உதைகளைத் தொடர்ந்து தடுத்தவர் வேறெவரும் இலர்.

வள்ளுவர் ஊழின் வலியைக் கூறியவர்; ஆள்வினையுடைமையையும் கூறியவர். இரண்டும் ஒரே நூலில் இருத்தல் முரணன்று என்பதற்கு இவ்வாழ்வு சான்று பகரும். நான்காவது பந்தை நோக்கி எப்பக்கம் பாய்தல் வேண்டுமென்று துணிந்தது ஆள்வினை. அப்பந்தைத் தடுத்த கையின் நாடியில் நோய் தோன்றியது ஊழ். ஊழ் அவரிடமிருந்து எதிர்காலத்தைப் பறித்தது. ஆள்வினையால் ஈட்டியதைப் பறிக்க அதனால் இயலவில்லை. நோய்க்குப் பின் சிறு களத்திற்கும், காவற் பணிக்கும், பொய்ப்புகழை மறுக்கும் உண்மைக்கும் அவர் திரும்பிய முறையிலே, கோல் காப்பாளரின் இயல்பே விளங்குகின்றது. தவறவிட்ட பந்தை எண்ணி அவர் நிற்பதில்லை. அடுத்த பந்துக்காக மீண்டும் கோட்டில் வந்து நிற்பார். மாணவர் அவரிடத்துக் கற்கத்தக்கது இதுவே.